கீமோவும் வேலையும்: ஒரு படி முன்னால் இருப்பவரைக் கண்டுபிடியுங்கள்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த வாரத்தில், வேலைக்குப் போகும் பெண்ணின் மனதில் வரிசையாகக் கேள்விகள் ஓடும். கீமோ போட்ட மறுநாள் பஸ் ஏற முடியுமா? முடி எந்த வாரம் கொட்டும்? அதே வாரம் ஆடிட் வந்தால் என்ன செய்வது? மேலாளரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? சம்பளம் எத்தனை மாதம் வரும்? டாக்டர் மருந்தையும் அளவையும் சொல்வார், பக்கவிளைவுகளை அடுக்குவார். எச்.ஆர். பிரிவு லீவு விதியைச் சொல்லும். இவை இரண்டுக்கும் நடுவே கிடக்கும் அன்றாடத்தை, அந்தப் பாதையில் நடந்து போனவரால்தான் சொல்ல முடியும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் இளம் வயதிலேயே வருகிறது. நாற்பதுகளில் இருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டுக் கடனும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும், காத்திருக்கும் பதவி உயர்வும் ஒன்றாகச் சேரும் வயது அது. வேலையை விட்டுவிட்டு நிம்மதியாகச் சிகிச்சை பார்க்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. விட விரும்பாதவர்களும் பலர்.

அவர்களுக்கு இந்தக் கட்டுரை சொல்வது ஒன்றைத்தான்: சிகிச்சையில் உங்களுக்கு ஒரு படி முன்னால் இருக்கும் ஒரு பெண்ணைக் கண்டுபிடியுங்கள். "எனக்குச் சரியாகிவிடுமா?" என்ற கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள். "மூன்றாம் நாள் எப்படி இருந்தது?" என்ற கேள்வியை இவரிடம் கேளுங்கள்.

இந்த வழி எங்கிருந்து வந்தது?

1952-ல் நியூயார்க்கில் டெரெஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. கையை எப்போது தூக்கலாம், உள்ளாடைக்குள் என்ன வைத்துக்கொள்வது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று அவருக்கு இருந்த கேள்விகளுக்கு மருத்துவமனையில் யாரும் பதில் தரவில்லை. அவரே தேடித் தெரிந்துகொண்டார். பிறகு, அதே அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் பெண்களின் கட்டிலருகே போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு செயற்கை மார்பகம் ஆகியவை அவர் தொடங்கிய திட்டத்தின் பையில் இருந்தன. மருத்துவர்களில் சிலர் இதை விரும்பவில்லை. ஆனாலும் 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் இந்தத் திட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. 'ரீச் டு ரெக்கவரி' என்ற பெயரில் இன்று பல நாடுகளில் பெண்கள் பெண்களைச் சந்திக்கிறார்கள்.

இப்படிக் கூடிப் பேசுவதால் என்ன பயன் என்பதை ஆய்வாளர்களும் சோதித்தார்கள். நோய் உடலில் பரவிய நிலையில் இருந்த 235 பெண்களை வைத்துக் கனடாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2001-ல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர் வழிநடத்தும் குழுவில் வாராவாரம் பேசியவர்களின் ஆயுள் அதனால் நீளவில்லை. ஆனால் மன வேதனை குறைந்தது, உடல் வலியும் குறைவாகத் தெரிந்தது. மிகவும் துவண்டுபோயிருந்தவர்களுக்கே அதிகப் பலன். "குழுவில் சேர்ந்தால் நோய் ஓடிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேர்ந்தால் சிகிச்சைக் காலத்தைத் தாங்குவது எளிதாகும். அதற்காகவே சேரலாம்.

யாரைத் தேடுவது?

நோய் வந்த எல்லோரும் உங்களுக்குச் சரியான துணை ஆகிவிட மாட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் வகைகள் உண்டு. ஹார்மோன் சார்ந்தது ஒன்று, ஹெர்-2 வகை ஒன்று, இரண்டிலும் சேராத டிரிபிள் நெகட்டிவ் ஒன்று. வகைக்கு ஏற்ப மருந்து மாறும், மாதங்கள் மாறும். ஆகவே மூன்று பொருத்தம் பாருங்கள்.

*மருந்துப் பொருத்தம்.* உங்கள் சிகிச்சைத் திட்டத்தை ஒரு தாளில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அதே மருந்து வரிசையில் இருப்பவர், அல்லது அதை முடித்தவர் வேண்டும்.

*வேலைப் பொருத்தம்.* கணினி முன் உட்காருபவருக்கும், கரும்பலகை முன் நின்று பாடம் நடத்துபவருக்கும், திருப்பூரில் தையல் மெஷினில் உட்காருபவருக்கும் சிக்கல்கள் வேறு வேறு. பாக்ளிடாக்சல் என்ற மருந்தால் விரல் நுனி மரத்துப்போகலாம். வங்கி கேஷியருக்கு அது நோட்டு எண்ணும் பிரச்சினை, தையல்காரருக்கு ஊசி கோக்கும் பிரச்சினை. ஆசிரியைக்கும் நர்ஸுக்கும் அதைவிடப் பெரிய கவலை, சுற்றியிருப்பவர்களின் சளியும் காய்ச்சலும்.

*வீட்டுப் பொருத்தம்.* கைக்குழந்தை உள்ளவர், தனியாக வாழ்பவர், மாமியார் வீட்டில் இருப்பவர் என்று நிலைமை ஒத்துப்போனால் பேச்சு சீக்கிரம் ஒட்டும்.

மூன்றும் ஒருவரிடமே கிடைப்பது அரிது. மருந்துக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர் என்று இருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டிய முதல் இடம் கீமோ போடும் டே கேர் வார்டு. அங்கே மூன்று நான்கு மணி நேரம் அடுத்தடுத்த நாற்காலிகளில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும். பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

"எத்தனாவது சைக்கிள்மா?"

"இதான் முதல் தடவைக்கா. உங்களுக்கு?"

"மூணு வாரத்துக்கு ஒண்ணு போடுறது நாலு முடிஞ்சிடுச்சு. இப்ப வாராவாரம் போடுறாங்க. உனக்கு செவப்பு மருந்துதானே ஏறுது? ராத்திரி யூரின் செவப்பா போகும். ரத்தம்னு பயந்துடாத, ரெண்டு நாள்ல சரியாயிடும். இன்னிக்கு உனக்குப் புடிச்ச சாப்பாடா பாத்துச் சாப்பிடாத. வாந்தி வந்துச்சுன்னா அப்புறம் அதைப் பாத்தாலே கொமட்டும்."

இரண்டு நிமிடப் பேச்சில் இரண்டு பயங்கள் தீர்ந்தன. சிவப்பு மருந்து என்பது டாக்சோரூபிசின். அதன் நிறம் சிறுநீரில் தெரிவது இயல்பு. பிடித்த உணவை மனம் குமட்டலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதும் ஆய்வுகளில் உறுதியான செய்திதான்.

வார்டில் பேச மனமில்லையென்றால் நர்ஸிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள்: "என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே இதே மருந்தை முடித்தவர் யாராவது பேசச் சம்மதிப்பாரா?" மருத்துவமனை உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, அவர் உங்களை அழைக்கும்படி செய்வது நல்ல முறை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று சிகிச்சை முடித்து நலமாக வேலைக்குப் போகும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டால்தான் வெளியே தெரிவார்கள்.

முதல் பேச்சில் கேட்க வேண்டியவை

அழைக்கும் முன் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களைப்பில் பாதி மறந்துபோகும்.

• கீமோ முடிந்து எத்தனாவது நாள் மிகவும் மோசம்? எத்தனாவது நாள் எழுந்து நடமாடினீர்கள்?
• முடி கொட்ட ஆரம்பித்தது எப்போது? முன்கூட்டியே வெட்டிக்கொண்டீர்களா? அலுவலகத்துக்கு விக் அணிந்தீர்களா, துப்பட்டாவா?
• மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் வைத்தீர்களா, கை நரம்பிலேயே போட்டார்களா? ரவிக்கை, குர்தா எப்படித் தைத்துக்கொண்டீர்கள்?
• மேலாளரிடம் யார் மூலம், எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? இப்போது நினைத்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்களா?
• எந்த வேலையைத் தொடர முடிந்தது? எதைக் கைமாற்றினீர்கள்?
• எந்தச் செலவு எதிர்பாராமல் வந்தது?

கேட்கக் கூடாதவையும் உண்டு. "டாக்டர் உங்களுக்கு எத்தனை வருஷம் சொன்னார்?" என்ற கேள்வி எதிரில் இருப்பவரை வேதனைப்படுத்தும், அந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. அவரது ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்களுடையதோடு ஒப்பிடாதீர்கள்.

இருபத்தொரு நாள் காலண்டர்

முன்னால் போனவரிடமிருந்து கிடைக்கும் மிகப் பெரிய உதவி இது. பல கீமோ மருந்துகள் 21 நாள் சுழற்சியில் வருகின்றன. அந்த 21 நாளும் ஒரே மாதிரி இருக்காது.

முதல் இரண்டு நாள், குமட்டலைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தின் வேகத்தில் தூக்கம் வராது, சுறுசுறுப்பாகக்கூட இருக்கும். "பரவாயில்லையே" என்று லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள். அந்த மருந்து நின்றதும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உடம்பு அடித்துப்போட்டது போல் விழும். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் தொற்று சுலபமாகப் பிடிக்கும் காலம் இதுதான். மூன்றாவது வாரம்தான் நல்ல வாரம். முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

இதை வைத்து வேலையைத் திட்டமிடுங்கள்:

• கீமோ நாளை வியாழன் அல்லது வெள்ளிக்கு வாங்க முடியுமா என்று கேளுங்கள். மோசமான நாட்கள் வார இறுதியில் விழும்.
• முக்கியமான கூட்டம், தேர்வுத்தாள் திருத்தம், மாதக் கடைசிக் கணக்கு போன்றவற்றை மூன்றாவது வாரத்தில் வையுங்கள்.
• இரண்டாவது வாரத்தில் முடிந்தால் வீட்டிலிருந்து வேலை. முடியாதென்றால் நெரிசல் நேரம் தவிர்த்த பயணம், முகக்கவசம், தனியாகச் சாப்பாடு.
• 'கீமோ மறதி' பலருக்கு வரும். சொன்னதை எல்லாம் எழுதி வையுங்கள், வாய்மொழி ஒப்பந்தங்களை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்.

முதல் சுழற்சியில் ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: தூக்கம், வாய்ப்புண், சாப்பாடு, எத்தனை மணி நேரம் உட்கார முடிந்தது. இரண்டாவது சுழற்சி பெரும்பாலும் அதே தடத்தில் போகும். அந்த நோட்டு உங்கள் மேலாளரிடம் பேசவும் உதவும், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் உதவும்.

ரேடியேஷனுக்குக் கணக்கு வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். இப்போது பலருக்கு மூன்று வாரம், 15 முறை. சிலருக்கு ஐந்து வாரம். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். நாளைத் தின்பது பயணமும் காத்திருப்பும். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினால் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் இருக்கலாம் என்று முடித்தவர்கள் சொல்வார்கள். களைப்பு கடைசி வாரத்தில்தான் கூடும், முடிந்த பிறகும் சில வாரம் நிற்கும். கடைசி நாளன்றே முழு வேலைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மேலாளரிடம் பேசும் முன் ஒத்திகை

வேலையில் சலுகையை உரிமையாகக் கேட்கலாமா என்றால், நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, நோய் கண்டறிந்த நாளிலிருந்தே புற்றுநோயாளிக்குப் பணியிடத்தில் பாதுகாப்பு உண்டு. இங்கே அப்படிப்பட்ட சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாத நிலையில், பெரும்பாலும் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பேச்சில் தெளிவு இருந்தால் கிடைக்கும்.

முன்னால் போன தோழியை மேலாளராக நடிக்கச் சொல்லி ஒரு முறை பேசிப் பாருங்கள். எங்கே குரல் உடைகிறது, எங்கே தேவைக்கு மேல் விளக்குகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அழுகை வந்தால் அங்கேயே வரட்டும். பிறகு இப்படி ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்:

"எனக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குகிறது. ஜூன் முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ போட வேண்டும். ஒவ்வொரு முறையும் வியாழன் முதல் செவ்வாய் வரை வர இயலாது. அடுத்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டுகிறேன். மூன்றாவது வாரம் அலுவலகம் வருவேன். மாதக் கடைசிக் கணக்கை எனக்குப் பதில் பார்க்க ஒருவரைப் பழக்கித் தருகிறேன். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு மீண்டும் உட்கார்ந்து பேசி, இதைத் திருத்திக்கொள்வோம். இந்தத் தகவல் உங்களோடும் எச்.ஆர். பிரிவோடும் இருக்கட்டும். மற்றவர்களிடம் நானே சொல்கிறேன்."

தேதி, தேவை, மாற்று ஏற்பாடு, மறுபரிசீலனை நாள், ரகசியம். ஐந்தும் இருந்தால் மேலாளருக்கு முடிவெடுப்பது சுலபம். கட்டி எந்த அளவு, எந்த நிலை என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ராஜினாமாவுக்கு முன்

"முடியாது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்று தோன்றும் நாள் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் நாளாகத்தான் இருக்கும். அன்று எந்தக் கடிதமும் எழுத வேண்டாம். நல்ல வாரம் வரும்வரை பொறுத்து, அதற்குள் தோழியோடு உட்கார்ந்து இவற்றைச் சரிபாருங்கள்.

*நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு.* வேலையை விட்டால் குழுக் காப்பீடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஒரே நாளில் வந்து போகும் கீமோவுக்குப் பணம் தருவார்களா, முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேளுங்கள்.

*ஈ.எஸ்.ஐ.* மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள், சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழி உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் சிறு நிறுவனங்களிலும் இருக்கும் பலருக்கு இது தெரிவதே இல்லை. முன்பு வாங்கிய ஒருவர் எந்தச் சான்றிதழ், எந்த மேசை என்று சொன்னால் வாரக்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

*முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.* ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழகக் குடும்பங்களுக்கானது. வீட்டு வேலை, கடை வேலை, கூலி வேலை செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

*பி.எஃப்., வரி, ரயில்.* நோய்ச் சிகிச்சைக்காக வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்கள் 1,00,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் தேவை.

குழு அமைக்கிறீர்களா? சில விதிகள்

இருவர் பேச ஆரம்பித்தால் நான்கு பேர் சேர்வார்கள். வாட்ஸ்அப் குழு பிறந்துவிடும். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

1. எட்டுப் பேரைத் தாண்டினால் இன்னொரு குழு. கூட்டத்தில் அமைதியானவர் காணாமல் போவார்.
2. அட்மின் இருவர். ஒருவருக்குக் கீமோ நாளென்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார்.
3. ஸ்கிரீன்ஷாட் கூடாது. வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரைக் குழுவில் எழுத வேண்டாம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நோயை வெளியே சொல்லாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அது சரியா தவறா என்ற விவாதம் வேறு. சொல்வதா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பெண்ணுடையது.
4. ஃபார்வர்டு செய்திகள், மருந்து விற்பனை, விக் விற்பனை எதுவும் வேண்டாம்.
5. தனிப்பட்ட போன் இல்லாதவர், வீட்டில் மனம்விட்டுப் பேச முடியாதவர் இருப்பார். அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு, அப்போது மட்டும் அழையுங்கள்.
6. வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் குரல் அழைப்பு. ஒவ்வொருவரும் இரண்டே விஷயம் சொல்வது: இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது, எது உதவியது.
7. "தைரியமா இரு", "பாசிட்டிவா நினை" என்ற வார்த்தைகளைத் தவிருங்கள். பயப்படுகிறவருக்கு, பயந்தது தன் தவறு என்று தோன்றிவிடும். "நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு உன்னோட நான் வரட்டுமா?" என்ற கேள்வி உதவும்.

தோழியின் எல்லை எங்கே முடிகிறது?

அனுபவத்தைச் சொல்லலாம், மருந்து சொல்லக் கூடாது. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளித்தேன் என்று சொல்வது அனுபவம். மாத்திரையின் பெயரைச் சொல்வது வைத்தியம். முள்சீத்தா, கஷாயம், பொடி, லேகியம் எது வந்தாலும் "உங்க டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடுங்க" என்பதே குழுவின் ஒரே பதிலாக இருக்கட்டும். கீமோ மருந்தோடு மோதி ஈரலைக் கெடுக்கக்கூடிய பொருட்கள் அவற்றில் உண்டு.

கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, கை திடீரென வீங்கிச் சிவப்பது ஆகியவற்றுக்கும் இதே விதி. குழுவின் முகப்பிலேயே இதை எழுதி வையுங்கள், ஒவ்வொருவரின் மருத்துவமனை அவசர எண்ணையும் வீட்டார் போனில் பதிய வையுங்கள்.

தூக்கமே இல்லாமல், வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதைத் தோழி ஒருத்தி தனியாகச் சுமக்கக் கூடாது. அவரோடு கூட இருங்கள், வீட்டாரில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். ஆன்காலஜிஸ்டுக்கும் தெரியப்படுத்துங்கள்.

நோய் திரும்பினால்

குழுவில் ஒருவருக்கு நோய் திரும்பும், ஒருவர் இறந்தும் போகலாம். இதைப் பேசாத குழு அன்றைக்கே சிதறிவிடும். நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவியவர்கள், தங்களைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு அதே நிலையில் இருக்கும் இன்னொருவரைத் தேடித் தருவது குழுவின் கடமை. தொடர் சிகிச்சையோடு பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வருபவர்கள் அவர்களிலும் உண்டு.

மரணச் செய்தியை நள்ளிரவில் குழுவில் போடாதீர்கள். அன்று கீமோவில் இருப்பவருக்கு முதலில் தனியாகப் போனில் சொல்லுங்கள். பிறகு குழுவில் எழுதுங்கள். சில நாள் விலகியிருக்க விரும்புகிறவரை விட்டுவிடுங்கள், திரும்பி வரும்போது காரணம் கேட்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

சிகிச்சை முடிந்த நாளில் வீட்டார் இனிப்பு கொடுப்பார்கள், அலுவலகம் கைதட்டும். அதற்கடுத்த மாதம்தான் பல பெண்கள் தனியாகிப்போவது. வாராவாரம் பார்த்த நர்ஸ் இல்லை, உடம்பு பழைய வேகத்துக்கு வரவில்லை, மற்றவர்களுக்கோ எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்மோன் சார்ந்த வகை நோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து முதல் பத்து ஆண்டு வரை தொடரும். டாமாக்சிஃபென் எடுப்பவருக்கு உடம்பு திடீரெனக் கொதித்து வியர்க்கும், அவருக்கு ஃபேன் பக்கம் ஓர் இருக்கை வேண்டும். இன்னொரு வகை மாத்திரையால் காலையில் மூட்டு இறுகும், அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்கலாம். இதையெல்லாம் ஓராண்டு முன்னால் திரும்பியவர் சொல்லித் தருவார்.

அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையைப் பற்றிய பயமும் பெரிது. கையை உபயோகித்தால் வீங்கிவிடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்துப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அந்தப் பெண்கள் படகோட்டும் பருவம் முடிந்த பிறகும் படகை விடவில்லை. பல நாடுகளில் அதேபோல அணிகள் உருவாயின. நீங்கள் படகு ஓட்ட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொன்ன கைப்பயிற்சியை இருவராகப் போனில் பேசிக்கொண்டே தினமும் செய்தால் போதும், விட்டுப்போகாது.

சக ஊழியர்களுக்கு

"என்ன உதவி வேண்டுமானாலும் கேளு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். களைத்தவருக்கு யோசித்துக் கேட்கவும் தெம்பு இருக்காது. "கீமோ வாரத்தில் உன் வருகைப் பதிவேட்டை நான் முடிக்கிறேன்", "ரேடியேஷனுக்கு செவ்வாய்தோறும் வண்டியில் கொண்டுவிடுகிறேன்" என்று ஒன்றைச் சொல்லிச் செய்யுங்கள். மேலாளர்கள் ஒன்று செய்யலாம்: நிறுவனத்தில் முன்பு இதே சிகிச்சை முடித்து, பேச முன்வரும் பெண் இருந்தால், அவரது சம்மதத்தோடு இருவரையும் அறிமுகப்படுத்தி, மாதம் இரண்டு மணி நேரத்தை வேலை நேரமாகவே கொடுங்கள்.

இந்த வாரமே

சிகிச்சைத் திட்டத்தைத் தாளில் வாங்குங்கள். நர்ஸிடம் ஒரு தோழியைக் கேளுங்கள். காலண்டரில் முதல் 21 நாளைக் குறியுங்கள். காப்பீட்டு அட்டையின் பின்புற எண்ணை அழையுங்கள். மேலாளருக்கான கடிதத்தை எழுதி, அனுப்பாமல் வைத்து, தோழியிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.

மற்றவருக்கு உதவ நீங்கள் முழுதாகக் குணமாகிவிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. முறையாக ஒரு குழுவை நடத்த, சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆனவர் நல்லது. ஆனால் இரண்டாவது கீமோ போட்டவருக்குத் தெரிந்தது, நாளை முதல் கீமோவுக்கு வருபவருக்குத் தெரியாது. உங்கள் நோட்டில் இருக்கும் அந்த 21 நாள் குறிப்பைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். "மூன்றாம் நாள் லீவு போட்டுவிடு" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.